நாலு லட்சத்து எழுபத்தேழாயிரம் சேல்கெண்டை

எக்கா, தமிழ் டைப்பிங் உண்டுல்லா? போர்டுல போட்டிருக்கு, இருந்தாலும் கேட்டுக்கிடுதேன். ஒரு லெட்டர். ஒரே பக்கம்தான். நாலு மணிக்குள்ள எதுத்தாப்ல இருக்க மீன் ஆபீஸ்ல குடுத்தாகணும். இப்ப மணி என்ன? ரெண்டே காலா? அப்ப நேரம் கெடக்கு. இந்த ஐயா ஆதார் ஜெராக்ஸுக்குத்தான நிக்காரு, அவருக்கு மொதல்ல எடுத்துக் குடுங்க. எனக்கு அவசரம் இல்ல. அவசரந்தான். ஆனாலும் பரவால்ல, எடுத்துக் குடுங்க.

லேப்டாப்பா? இந்தா, பைக்குள்ளதான் இருக்கு. அதுல அடிச்சுப் பாத்துட்டேன்கா. இங்கிலீஷ்ல அடிச்சா எல்லாம் "கவனிக்கப்பட்டது", "கணக்கிடப்பட்டது"ங்கிற மாதிரியே வருது. யாரு செஞ்சான்னே தெரியாம அடிக்கத்தான் எங்களுக்கு அஞ்சு வருஷம் சொல்லிக் குடுத்திருக்காங்க. அஞ்சு தடவ அடிச்சு அஞ்சு தடவ அழிச்சிட்டேன். அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க கேப்பீங்கல்ல, யாரு என்னன்னு.

சரி, அடிங்க. அனுப்புநர், ச. ஜெனிட்டா, ஆராய்ச்சி உதவியாளர். பெறுநர், உதவி இயக்குநர், மீன்வளத் துறை, செங்கரடு அணை. ஐயா. பொருள்... பொருளுக்கு எடம் மட்டும் விட்டுருங்க. அது கடைசியில போட்டுக்கிடலாம்.

நானா? நான் மீன் படிச்சவ. இல்ல, சமைக்கப் படிக்கலக்கா! மீன் எத்தனை இருக்கு, எப்ப முட்டை போடும், எங்க போயி போடும், எவ்வளவு புடிச்சா தாங்கும், அதெல்லாம் படிக்கிற படிப்பு. சொந்த ஊரு தூத்துக்குடி பக்கம். கடக்கரைக்காரி எதுக்கு இந்தக் காட்டுக்குள்ள டேம்ல வந்து கெடக்கான்னு எல்லாரும் கேக்காங்க. எனக்கு ஆத்து மீனுதான் புடிக்கும். சேல்கெண்டை பாத்திருக்கீங்களா? உயிரோட? அதோட ஒதட்டோரமா சின்னச் சின்னதா சுருக்கம் இருக்கும், குழந்த கவுனுக்கு ஃப்ரில் வச்ச மாதிரி. பாசியச் சொரண்டித் திங்கும்போது அந்த ஃப்ரில் அப்படியே விரியும். செதில் ஒவ்வொண்ணுலயும் லேசா ஒரு செவப்புப் புள்ளி. ஐயோ, நீங்க பாக்கணுமே. மழைக்குப் புதுத்தண்ணி வந்துச்சுன்னா டேம்லருந்து ஆத்துக்குள்ள எதுத்து ஏறிப் போயி முட்டை போடும். நான் மொதல்ல பாத்தப்ப அழுதுட்டேன். பரிசல்ல உக்காந்துட்டு மீனப் பாத்து அழுத ஆளு நானாத்தான் இருப்பேன்.

ஆமா ஆமா, லெட்டர். வாரேன்.

வெசயம் என்னன்னா, ஒரு எண்ணிக்கை தப்பாயிட்டு. டேம்ல சேல்கெண்டை எத்தனைன்னு நான் ஒரு நம்பர் குடுத்தேன். அது தப்பு. அவ்வளவுதான். "எண்ணிக்கையில் சிறு பிழை ஏற்பட்டிருக்கலாம்"னு அடிங்க.

ஏன்கா சிரிக்கீங்க? சிறுன்னா சிறுதான். சரி, பெருசுதான். நாலு லட்சத்து எழுபத்தேழாயிரம்னு குடுத்தேன். உண்மையில முப்பதாயிரம்கூட இருக்காது.

எப்படி எண்ணுதோம்னா கேக்கீங்க? பாத்தீங்களா, நல்ல கேள்வி! தண்ணிய எறைச்சுட்டா எண்ண முடியும்? இப்ப ஒரு திருவிழாக் கூட்டம்னு வச்சுக்கோங்க. நீங்க காலையில போயி அறுநூறு பேரு கன்னத்துல மை வச்சு உள்ள விட்டுருதீங்க. சாயங்காலம் வேற வாசல்ல நின்னு ஒரு நாலாயிரம் பேரப் பாக்கீங்க. அதுல அஞ்சு பேரு கன்னத்துலதான் மை இருக்குன்னா, கூட்டம் கடலு மாதிரி, அறுநூறு பேரும் அதுல கரைஞ்சு போயிட்டாங்கன்னு அர்த்தம். எண்பது பேரு கன்னத்துல இருந்துச்சுன்னா கூட்டம் சின்னது. இவ்வளவுதான் கணக்கு. ஆனா ஒண்ணு. மை வச்சவங்களயும் வைக்காதவங்களயும் வாசல்ல ஒரே மாதிரி விடணும். மை வச்சவங்கள மட்டும் எவனோ பின்வாசல் வழியா அனுப்பிட்டான்னு வைங்க, உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்க பாட்டுக்கு ஆகா எவ்வளவு கூட்டம்னு எழுதிட்டுப் போயிருவீங்க.

மீனுக்கு மை வைக்க முடியாதுல்ல, அதனால டேக். துணிக்கடையில சட்டையில வெலை அட்டைய ஒரு நரம்பு மாதிரி கோத்துத் தொங்க விடுவாங்கள்ல, அதே துப்பாக்கிதான், முதுகுச் செறகுக்குக் கீழ ஒரு அமுக்கு. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கயிறு தொங்கும், அதுல நம்பர் இருக்கும். மூணு கலர்ல வந்துச்சு. நீலம், பச்சை, மஞ்சள். எங்க கைடு திருமேனி சார் எதையாவது ஒண்ணு எடுன்னாரு. நாந்தான் மஞ்சள எடுத்தேன். கலங்கல் தண்ணியில நல்லாத் தெரியும்னு. போட்டோவுல நல்லா விழும்னும்தான், பொய் சொல்லக் கூடாது.

போன வருஷம் சூலையில பரிசல்காரங்க எல்லாரையும் மீனவர் சொசைட்டி ஷெட்டுல கூட்டி வச்சுச் சொன்னேன். இந்த மாதிரி மஞ்சக் கயிறோட மீனு வலையில வந்தா, அறுத்து எடுத்துட்டு வந்து குடுங்க, ஒரு கயித்துக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸுன்னு. ஒரே சிரிப்பு. அங்கமுத்து அண்ணன்னு ஒருத்தரு எந்திரிச்சு, "ஏனுங் மேடம், மீனுக்கெல்லாம் ஜிமிக்கி போட்டு உடறீங், என்ற ஊட்டுக்காரிக்கு ஒண்ணு போட்டு உடறது"ங்கிறாரு. அவரு பொஞ்சாதி பின்னாலருந்து, "எனக்கெதுக்குங், அந்தாளு மூக்குல ஒண்ணு போட்டு உடுங் மேடம். பொழுதோட எந்தக் கடைக்குப் போறாருன்னாவது நம்பர் பாத்துக் கண்டுபுடிக்கலாம்"னாங்க. ஷெட்டே அதிர்ந்து போச்சு. அவங்கதான் பாவாயி அக்கா.

திரும்பிப் பாருங்க, ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்துல புங்கமரம். அதுக்கடியில பச்சை சேலை, மடியில பிளாஸ்டிக் கவர் வச்சுட்டு உக்காந்திருக்காங்கள்ல? அவங்கதான். ஐயோ, கைய காட்டுதாங்க. எக்கா, நீங்க பாக்காதீங்க, நீங்க கம்ப்யூட்டரப் பாருங்க.

அறுநூத்திப் பன்னெண்டு மீனுக்கும் அவங்க பரிசல்லதான் டேக் போட்டேன். எனக்குத் துடுப்பு போடத் தெரியாது. மொத நாளு நான் சுத்துன சுத்துல பரிசல் அங்கயே பம்பரமா நின்னுட்டு. "அம்மிணி, தண்ணியக் கிண்டாதீங், தள்ளுங்"னு சொல்லிட்டு, பெறகு தானே வாங்கிப் போட்டாங்க. ரெண்டு மாசமும் மத்தியானச் சோறு அவங்கதான். நான் மீனப் புடிச்சா, "புள்ளையப் புடிக்கறாப்ல புடிக்கறீங்"னு சிரிப்பாங்க.

வாங்கய்யா, உங்களுக்கு என்ன, பட்டா காப்பியா? எக்கா, அவருக்கு எடுத்துக் குடுங்க. நான் நிக்கேன். மணி ரெண்டு நாப்பதா? நிக்கேன் நிக்கேன்.

எங்க விட்டேன்? ஆங். செப்டம்பர் வரைக்கும் பரிசல்காரங்க மூவாயிரத்துத் தொள்ளாயிரம் சேல்கெண்டை புடிச்சாங்க. சொசைட்டி எடை மேடையில நானே ஒக்காந்து எண்ணுனேன். மஞ்சக் கயிறு எத்தனை வந்துச்சுன்னு நினைக்கீங்க? அஞ்சு. அஞ்சே அஞ்சு. எரநூறு டிபன் பாக்ஸ் வாங்கி வச்சிருந்தேன். மிச்சம் நூத்தித் தொண்ணூத்தஞ்சும் என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு.

சார்கிட்ட ஃபோன் போட்டு, ரொம்பக் கம்மியா இருக்கே சார்னேன். "கம்மின்னா என்ன அர்த்தம்? கூட்டம் பெருசுன்னு அர்த்தம். சந்தோசப்படு ஜெனிட்டா"ன்னாரு. சந்தோசப்பட்டேன். என்ன செய்ய, நெசமாவே சந்தோசமா இருந்துச்சு. அழிஞ்சுட்டு வருதுன்னு எல்லாரும் சொல்லுத மீனு, எங்க டேம்ல நாலே முக்கா லட்சம்! நான் கண்டுபுடிச்சது! கொச்சியில ஒரு கருத்தரங்குல போஸ்டர் வச்சேன், மொதப் பரிசு. எங்க ஊர்ல சாமியார் பூசை முடிஞ்சதும் மைக்குல சொன்னாராம், நம்ம பங்குப் பிள்ளை ஜெனிட்டான்னு. அம்மா அந்த ஒலிபெருக்கிச் சத்தத்த ஃபோன்ல பிடிச்சு அனுப்பிச்சாங்க.

செப்டம்பர் முப்பதாந்தேதி ரிப்போர்ட் குடுத்தோம். அதப் பாத்துட்டுத்தான் அந்த வருஷத் தடைய எடுத்துட்டாங்க. முட்டை போடுத ரெண்டு மாசம் வலை போடக் கூடாதுன்னு இருந்துச்சுல்ல, அது. மீனு இவ்வளவு கெடக்கு, எதுக்குத் தடைன்னு. அதோட வெளிய டேம்லருந்து அறுபது பரிசலுக்குப் புதுசா பாஸ் குடுத்தாங்க. நான் ரிப்போர்ட்ல தடைய எடுங்கன்னு எழுதலக்கா. அத நீங்க நல்லாக் கேட்டுக்கோங்க. "இருப்பு போதுமான அளவில் உள்ளது"ன்னு மட்டும்தான் எழுதுனேன்.

ஐப்பசியில புதுத்தண்ணி வந்துச்சு. மீனு ஏற வந்து நின்ன ஆத்து வாயில அறுபது பரிசலும் வலைய விரிச்சு வச்சிருந்தாங்க. வயிறு நெறைய முட்டையோட. எடை மேடையில சினையோட நசுங்கிக் கெடந்துச்சு, கூடை கூடையா. நான் எண்ணிட்டே இருந்தேன். எனக்குச் சம்பளமே எண்ணத்தான.

தையிலருந்து ஒண்ணும் இல்ல. வலைய இழுத்தா ஜிலேபிக் கெண்டை வருது, குச்சி மீனு வருது. சேல்கெண்டை இல்ல. அந்த அறுபது பரிசலும் வண்டியில ஏறி வேற டேமுக்குப் போயிட்டாங்க. இங்கயே பொறந்து இங்கயே கெடக்கிறவங்க எங்க போவாங்க?

இதுலதான் வெசயம். போன வாரம் பதினோரு குடும்பத்துக்கு நோட்டீசு. என்னன்னு? மீனத் திருட்டுத்தனமா அக்கரையில வெளி ஆளுக்கு விக்கீங்கன்னு. ஏன்னா ஆபீஸ் ஃபைல்ல நாலே முக்கா லட்சம் மீனு இருக்கு. எடை மேடைக்கு வர்றது போன வருசத்துல பத்துல ஒரு பங்குகூட இல்ல. அப்ப மிச்ச மீனு எங்க போச்சு? அவங்கதான் திருடிருக்கணும். கணக்குச் சரியாத்தான இருக்கு, பாத்தீங்களா? என் நம்பர் சரின்னா அவங்க திருடங்க.

மொதப் பேரு பாவாயி. ஏன்னா அவங்களதுதான் ரொம்பக் கொறைஞ்சிருக்கு. அவங்க பெரிய கண்ணு வலைதான் போடுவாங்க. குஞ்சு தப்பிச்சுப் போகட்டும்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்... சொல்லிக் குடுத்தேன்னு சொல்லக் கூடாது, அவங்க எப்பவுமே அப்படித்தான். நான் அதப் பாத்து ரிப்போர்ட்ல எழுதிக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில விசாரணை. என்னையும் கூப்பிட்டிருந்தாங்க, நிபுணர்னு. நிபுணர்! ஏ.டி. சாருக்கு, அதான் உதவி இயக்குநருக்கு, பக்கத்து நாக்காலி. பாவாயி அக்காவும் அங்கமுத்து அண்ணனும் எதுத்தாப்ல நின்னாங்க. ஏ.டி. சார், "மீன எங்கம்மா விக்கறீங்க?"ன்னு கேட்டாரு.

"மீனே இல்லீங் சார்."

"இல்லன்னா எப்படி? மேடம் எண்ணிருக்காங்களே, நாலு லட்சத்துக்கு மேல?"

அப்ப பாவாயி அக்கா என்னப் பாத்தாங்க. கோவமாப் பாத்திருந்தா பரவால்லக்கா. அவங்க யோசிச்சாங்க. நல்லா யோசிச்சிட்டு, "மேடம் எண்ணுனாங்கன்னா சரியாத்தான் இருக்குமுங். அப்பறம் எங்களுக்குத்தான் புடிக்கத் தெரியலையாட்ட இருக்குதுங்"னாங்க.

முப்பது வருசமா அந்தத் தண்ணியிலயே கெடக்காங்க. எனக்குத் துடுப்பு புடிக்கத் தெரியாது. அவங்களுக்கு மீன் புடிக்கத் தெரியலையாம்.

ஏ.டி. சார் எங்கிட்ட திரும்பி, "நீங்க என்னம்மா சொல்றீங்க? எண்ணிக்கை சரிதான?"ன்னாரு.

"மெத்தட் சரிதான் சார்"னேன்.

அது பொய்யில்லக்கா. மெத்தட் சரிதான். உலகம் பூரா அதான் மெத்தட். நேத்து திருமேனி சார் ஃபோன்ல சொன்னாரு, நம்பரத் தொடாத, மெத்தட் சரின்னு மட்டும் சொல்லிட்டு வந்துரு, சூன்ல உனக்கு பிஹெச்.டி. ரிஜிஸ்ட்ரேசன்னு. அதான் சொன்னேன். சொன்னதும் ஏ.டி. சார் எழுதிக்கிட்டாரு. யாருக்காச்சும் மேல சொல்ல இருந்தா நாலு மணிக்குள்ள எழுத்துல குடுங்க, அதுக்கப்புறம் பாஸ ரத்து பண்ணி ஆர்டர் போட்டுருவேன்னு எந்திரிச்சுட்டாரு. பாஸ் போச்சுன்னா பரிசல தண்ணியில எறக்க முடியாது. அது மட்டுமில்ல, பேரு. மீனத் திருடுனவன்னு ஷெட்டுக் கரும்பலகையில எழுதிப் போடுவாங்க.

வெளிய வந்தா பாவாயி அக்கா எங்கையப் புடிச்சுட்டு, "மேடம், நீங்க ஒரு வார்த்த எங்களுக்காகச் சொல்லிப் போட்டுப் போங்"ங்கிறாங்க. எழுதிட்டு வாரேன்கான்னு சொல்லிட்டு இங்க ஓடி வந்தேன்.

இந்தா, டீ வந்திருக்கு. யாரு அண்ணே சொன்னா? அந்த மரத்தடி அக்காவா? எனக்கா? அங்க வைங்க. எக்கா, நீங்க குடிங்க. எனக்கு வேண்டாம்.

சரி, அடிங்க. "டேக் போட்ட மீன்களைப் பரிசல்காரர்கள் திருப்பி விட்டிருக்கிறார்கள் என்று இப்போது தெரிய வருகிறது." ஆமாக்கா, அதான் நடந்தது. திருப்பி விட்டுட்டாங்க. இவங்க பக்கத்துல கோயிலுக்கு நேந்து விடுத ஆடு, கோழிக்கெல்லாம் மஞ்சக் கயிறு கட்டி விடுவாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா? தெரியும்... நீங்க இந்த ஊருதான. மஞ்சக் கயிறு கட்டுனத யாரும் தொட மாட்டாங்க, அறுக்க மாட்டாங்கன்னு. பாருங்க, நீங்க சட்டுனு சொல்லிட்டீங்க. எங்கிட்ட யாரும் சொல்லல. நானும் கேக்கல. எங்க ஊர்ல நேர்ச்சைன்னா மெழுகுவத்தி.

அவங்களுக்கு டேக்குன்னு தெரியாம இல்லக்கா. நல்லாத் தெரியும். நான் படம் போட்டுல்ல காட்டுனேன். "தெரியுமுங் மேடம். தெரிஞ்சாலும் மஞ்சக் கயித்த அறுக்கறதுக்குக் கை வருமாங்?" அவ்வளவுதான் அவங்க சொன்னது. உயிரோட வந்ததெல்லாம் கண்ணுல ஒத்திக்கிட்டுத் தண்ணியில விட்டுட்டாங்க. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, எல்லாரும். கேட்டுக் கூட்டிப் பாத்தா எண்பதுக்கு மேல வருது. அப்ப அந்த அஞ்சு? அது வலையில செத்து ஊதிப்போன மீனு. நான் ஒண்ணுமே வரலையேன்னு மொகத்தத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்திருந்தேனாம். புள்ள சங்கட்டப்படுதேன்னு, செத்தத மட்டும் எடுத்துட்டு வந்து குடுத்திருக்காங்க. என் ஃபாரத்துல அஞ்சுக்கும் நேரா "அழுகிய நிலை"ன்னு நானேதான் எழுதி வச்சிருக்கேன்.

எப்பத் தெரிஞ்சுதா? போன வாரம்தான். நோட்டீசு வந்தப்புறம் பாவாயி அக்கா சொன்னாங்க. அப்படியே அடிங்க, "சென்ற வாரம் தெரிய வந்தது".

ஆதாரமா? ஆமால்ல. வாய்ல சொன்னா ஏ.டி. சார் நம்ப மாட்டாருல்ல. நோட்டீசு வந்ததும் இப்படி ஒரு கதை கட்டுதாங்க, இந்தப் பொண்ணும் கூட சேந்துக்கிட்டான்னுதான் சொல்லுவாரு. நான் அத யோசிச்சேன். காலையிலருந்து அதத்தான் யோசிக்கேன்.

ஒரு வீடியோ இருக்கு.

இருங்க, அவங்களுக்கு என்ன, கலர் பிரிண்டா? இல்லையாமா? சும்மாதான் எட்டிப் பாத்தாங்களா? சரி.

ஒரு வீடியோ இருக்குக்கா. பரிசல்ல எடுத்தது. மத்தியானம், நல்ல வெயிலு. பாவாயி அக்கா வலைய எடுக்காங்க, மஞ்சக் கயிறோட ஒரு சேல்கெண்டை வருது, நம்பர் முந்நூத்தி நாப்பத்தேழு, பளிச்சுன்னு தெரியுது. வலையிலருந்து பிரிச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டு, ரெண்டு கையாலயும் தண்ணிக்குள்ள விடுதாங்க. அவ்வளவு அழகா இருந்துச்சு. நான் அதுல முப்பது செகண்ட வெட்டி ஸ்டேட்டஸ் வச்சேன். ஹார்ட் போட்டு. திருமேனி சார்கூட பாத்துட்டு கைதட்டுற பொம்மை அனுப்புனாரு. அவரும் பாத்தாருல்ல? அவருக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனா அவரு பாத்தது முப்பது செகண்டு. முழுசும் எங்கிட்டதான் இருக்கு.

போடவா? போட்டாத்தான நீங்க காப்பி பண்ண முடியும். சவுண்டு கொறைக்கட்டா? வேண்டாமா? சரி. இந்தாங்க.

கேக்குதா? அது காத்து. இப்பப் பாருங்க, விடுதாங்க. இப்பச் சிரிக்கது நாந்தான். "ஐயோ அக்கா, விட்டுட்டீங்களே!"ங்கிறது நான். அவங்க மஞ்சக் கயித்தச் சொல்லுதாங்க, கேக்குதுல்ல? இப்ப நான், "இதுக்கு முன்னாடியும் விட்ருக்கீங்களா?" அவங்க, "ஆமாங், எல்லாருந்தானுங்." இந்த எடத்துல நான் ஒண்ணும் பேசல. பாருங்க, எவ்வளவு நேரம் பேசாம இருக்கேன்னு. படம் மட்டும் ஆடுது.

இப்ப அவங்க. "எடுத்துக் குடுத்திருக்கோணுமோ மேடம்? தப்புப் பண்ணிப்போட்டனா?"

இது நான். "அய்யய்யோ, இல்லக்கா. விடுங்க. ஒண்ணு ரெண்டு போனா ஒண்ணும் ஆகாது."

முடிஞ்சிட்டு.

தேதியப் பாத்துட்டீங்களா? பாத்திருப்பீங்க, மேலயே போட்டிருக்கு. செப்டம்பர் பன்னெண்டு. ரிப்போர்ட் முப்பது. நடுவுல பதினெட்டு நாளு. பதினெட்டு நாளும் எனக்குத் தெரியும்கா. கணக்கத் திருப்பிப் போடுறதுக்கு ஒரு மத்தியானம் போதும். போஸ்டர் அச்சுக்குப் போயிருந்துச்சு. அம்மா எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க. நானும் அவங்ககிட்ட, "அக்கா, இனிமே அறுத்துக் குடுங்க, இல்லன்னா தப்பாயிரும்"னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். அவங்க கேட்டாங்கல்ல? தப்பான்னு அவங்க கேட்டாங்க. நாந்தான் இல்லன்னேன்.

பொறுப்பா இருந்தேன்னு நினைச்சுட்டு இருந்தேன். அவங்க நம்பிக்கைய மதிச்சேன்னு. மனசு நோகக் கூடாதுன்னு பேசாம இருந்தேன்னு. ஆறு மாசமா எனக்கு நானே இப்படித்தான் சொல்லிட்டு வாரேன். இப்ப உங்க கடையில சத்தமாக் கேக்கும்போது அப்படித் தோணலயே.

வீடியோ இல்லாம லெட்டர் மட்டும் குடுத்தா? நானும் அதத்தான் மொதல்ல நினைச்சேன். "சென்ற வாரம்"னு போட்டுட்டா எனக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா அவங்களுக்கும் ஒரு நல்லதும் ஆகாது, ஆர்டர் ஆர்டர்தான். வீடியோவக் குடுத்தா அவங்க பாஸ் நிக்கும், என் ரிஜிஸ்ட்ரேசன் போயிரும். சார் என் நம்பர பிளாக் பண்ணிருவாரு. நான் இன்னும் வேற வழி இருக்கான்னு பாக்கேன், இல்லன்னு நீங்களே சொல்லுதீங்க.

மணி என்ன? மூணு இருபத்தஞ்சா? அதுக்குள்ளயா? ஏன்கா இவ்வளவு நேரம் என்னப் பேச விட்டீங்க?

எல்லாத்தையும் அழிங்க. "சிறு பிழை", "தெரிய வருகிறது", எல்லாம். ஐயாவ மட்டும் விட்டுருங்க. அடிங்க.

"ஐயா, செங்கரடு அணையில் சேல்கெண்டை நாலு லட்சத்து எழுபத்தேழாயிரம் இருப்பதாக நான் கொடுத்த எண்ணிக்கை தவறு. முப்பதாயிரத்துக்கும் குறைவாகவே இருந்தன. பரிசல்காரர்கள் மஞ்சள் டேக் போட்ட மீன்களை உயிரோடு தண்ணீரில் திருப்பி விட்டார்கள். இது எனக்குச் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதியே தெரியும். அன்று எடுத்த வீடியோ இத்துடன் உள்ளது. தெரிந்துகொண்டுதான் முப்பதாம் தேதி அறிக்கை கொடுத்தேன். பாவாயியும் மற்றப் பத்துக் குடும்பங்களும் மீனைத் திருடவில்லை. மீன் இல்லை."

அவ்வளவுதான். வேற என்ன? மன்னிக்கவும்னா? ஏ.டி. சார்ட்ட எதுக்குக்கா மன்னிப்பு?

பொருளா? ஆமா, எடம் விட்டோம்ல. "என் தவறு"ன்னு போடுங்க. ஆபீசுக்கு அப்படிப் போட மாட்டாங்களா? பரவால்ல, போடுங்க.

வீடியோவ சிடியில ஏத்திருங்க. முழுசா. தேதி தெரியுத மாதிரி. லெட்டர் மூணு காப்பி. ஒண்ணு ஏ.டி. சாருக்கு. ஒண்ணு எங்க சாருக்கு, அத நான் போட்டோ எடுத்து இப்பவே அனுப்பிருதேன், இல்லன்னா மனசு மாறிரும். மூணாவது பாவாயி அக்காவுக்கு.

அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுக்கா. அங்கமுத்து அண்ணந்தான் வாசிக்கணும். அவரும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாரு, கண்ணு வேற சரியில்ல. அதனால அந்த ஒரு காப்பிய மட்டும் பெரிய எழுத்துல போட்டுக் குடுங்க. ரெண்டு பக்கம் வந்தாலும் சரி.

என்ன சொல்லுதீங்க? ரோட்டத் தாண்டுனா உக்காந்திருக்காங்க, வாயாலயே சொல்லிறலாமேன்னா?

சொல்லலாம். சொல்லலாம்தான்.

நீங்க பெரிய எழுத்துலயே போடுங்கக்கா.